மூன்று சர்வர், ஒரே டிஸ்க்: ஓசிஎஃப்எஸ்2 அமைக்கும் முறை

ஒரே டிஸ்கை மூன்று கம்ப்யூட்டரில் மாட்டுவது அரை மணி நேர வேலை. மூன்றும் அதில் ஒரே நேரத்தில் எழுதியும் தரவு கெடாமல் இருக்க வேண்டும் என்றால், யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதில் மூன்றுக்கும் ஒத்த கருத்து இருக்க வேண்டும். அதற்கான ஃபைல் சிஸ்டம் ஓசிஎஃப்எஸ்2. இந்தக் குறிப்பில் அதன் ஃபார்மட், மவுண்ட் பற்றிச் சுருக்கமாகவும் அந்த ஒத்த கருத்தைப் பற்றி நீளமாகவும் எழுதியிருக்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். மாணவர்கள் அசைன்மெண்ட் ஏற்றும் தளம் எங்களிடம் மூன்று சர்வர்களில் ஓடுகிறது: நொய்யல், பவானி, அமராவதி. முன்னால், வரும் கோரிக்கைகளை மூன்றுக்கும் பிரித்துக்கொடுக்கும் ஒரு லோடு பேலன்சர். நொய்யலில் ஏற்றிய பிடிஎஃப் அடுத்த நொடியே அமராவதியிலும் தெரிய வேண்டும். பின்னால் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கு ஆழியாறு என்று பெயர். கொங்கு நாட்டு ஆறுகள் தீர்ந்தால்தான் புது சர்வருக்குப் பெயர் யோசிக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு கேள்வி: இது உங்களுக்கு வேண்டுமா? பத்து பேரின் ஹோம் டைரக்டரியைப் பகிர்வதுதான் தேவை என்றால் என்எஃப்எஸ் (ஒரு சர்வர் தன் கோப்புகளை நெட்வொர்க் வழியாக மற்றவற்றுக்குக் கொடுக்கும் முறை) போதும், இங்கேயே நிறுத்திவிடலாம். எங்கள் ஸ்டோரேஜ் பெட்டி பிளாக் டிவைஸ் (கோப்புகளாக இல்லாமல் வெறும் டிஸ்காக) மட்டும்தான் தரும், என்எஃப்எஸ் தராது. இடையில் ஒரு என்எஃப்எஸ் சர்வரை வைத்தால் அது படுத்ததும் தளம் முழுவதும் படுத்துவிடும். அதனால்தான் மூன்று சர்வரும் நேரடியாக டிஸ்கைத் தொடும் வழிக்கு வந்தோம்.

சரி, அந்த டிஸ்கில் லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 போட்டு மூன்றிலும் மவுண்ட் செய்தால் என்ன? மவுண்ட் ஆகும். சில நிமிடம் நன்றாக வேலை செய்வதுபோலவும் தெரியும். ஆனால் எக்ஸ்ட்4 டிஸ்கில் தான் மட்டுமே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். எந்த பிளாக் காலி என்ற கணக்கை ஒவ்வொரு சர்வரின் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். மளிகைக் கடைப் பற்று நோட்டை மூன்று பேர் ஆளுக்கொரு நகல் எடுத்து, அவரவர் நகலில் எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நோட்டின் மேல் ஒட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஆகும். ஒரே பிளாக்கை இரண்டு சர்வர் இரண்டு கோப்புக்குக் கொடுத்துவிடும். அதற்கு மேல், ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டினாலும் மிஞ்சுவது குப்பைதான்.

இதற்கென்றே இருப்பவை கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) ஃபைல் சிஸ்டங்கள். லினக்ஸ் கெர்னலிலேயே இரண்டு உண்டு: ஆரக்கிளில் உருவான ஓசிஎஃப்எஸ்2, ரெட் ஹாட் வளர்த்த ஜிஎஃப்எஸ்2. இரண்டும் 2006-இல் கெர்னலுக்குள் வந்தவை, முன்னது 2.6.16 பதிப்பில், பின்னது 2.6.19-இல். ஜிஎஃப்எஸ்2-க்கு கோரோசிங்க், பேஸ்மேக்கர், தனி ஃபென்சிங் கருவி (அது என்ன என்று பின்னால் வரும்) என்று ஒரு பரிவாரமே வேண்டும். ஓசிஎஃப்எஸ்2 தனக்கு வேண்டிய கிளஸ்டர் அடுக்கை ஓ2சிபி என்ற பெயரில் தானே கொண்டுவருகிறது. மூன்று பெட்டிக்கு நான் ஓசிஎஃப்எஸ்2-தான் சொல்வேன். டெபியன், உபுண்டு, ஆரக்கிள் லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கும். ரெட் ஹாட் தரும் கெர்னலில் இதற்கான மாட்யூல் (கெர்னலோடு சேரும் துண்டு) இல்லை. உபுண்டுவின் மெய்நிகர் எந்திரங்களுக்கான சிறிய கெர்னலில் 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' தொகுப்பைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். 'மாட்ப்ரோப் ஓசிஎஃப்எஸ்2' அடித்துப் பாருங்கள். பிழை வராவிட்டால் மேலே போகலாம்.

கட்டளைகளை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அடித்தளம்

நான்கு பெட்டிக்கும் நிலையான ஐபி கொடுங்கள். டிஎச்சிபி வேண்டாம். இங்கே ஆழியாறு 10.10.20.10, நொய்யல் 10.10.20.11, பவானி 10.10.20.12, அமராவதி 10.10.20.13. முடிந்தால் இதற்கென்று தனி நெட்வொர்க் கார்டு, தனி ஸ்விட்ச். மாணவர்கள் வீடியோ பார்க்கும் அதே வயரில் கிளஸ்டர் பேச்சும் போனால், கூட்டம் கூடும் நேரத்தில் சர்வர்கள் ஒன்றையொன்று செத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். மூன்று பெயரும் ஐபியும் மூன்று சர்வரின் '/இடிசி/ஹோஸ்ட்ஸ்' கோப்பிலும் இருக்கட்டும். க்ரோனி போட்டு நேரத்தை ஒத்துப்போக வையுங்கள். ஃபயர்வாலில் சர்வர்களுக்கு இடையே டிசிபி 7777, ஆழியாறுக்கு டிசிபி 3260 திறந்திருக்க வேண்டும்.

எல்லாரும் மறக்கும் ஒன்று: பயனர் எண். டிஸ்கில் உரிமையாளரின் பெயர் பதிவாவதில்லை, எண்தான் பதிவாகும். வெப் சர்வர் பயனர் நொய்யலில் 33, பவானியில் 48 என்று இருந்தால், ஒன்று எழுதியதை மற்றது திறக்க முடியாது. மூன்றிலும் 'ஐடி' கட்டளை போட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்கைக் கொண்டுவருவது

விலை உயர்ந்த ஸ்டோரேஜ் இல்லாதவர்கள் ஒரு லினக்ஸ் பெட்டியையே ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்கைக் கொடுக்கும் முறை) டார்கெட்டாக்கி, அதாவது டிஸ்கைக் கொடுக்கும் பக்கமாக்கி, பழகலாம். ஆழியாறின் இடத்தில் இருக்கும் அந்தப் பெட்டியில் 'டார்கெட்சிஎல்ஐ' கருவியைப் போடுங்கள். டிஸ்கைப் பகுதி பகுதியாகப் பிரித்தாளும் எல்விஎம்மில் 500 ஜிபி லாஜிக்கல் வால்யூம் ஒன்றை உருவாக்கி, அதை 'பிளாக்' வகை பேக்ஸ்டோராக (பின்னால் இருக்கும் உண்மையான சேமிப்பிடம்) சேருங்கள். 'ஃபைல்ஐஓ' வகையும் இருக்கிறது, ஆனால் அது இயல்பாகவே எழுத்தை நினைவகத்தில் தேக்கிவைக்கும். எழுதியாகிவிட்டது என்று சர்வரிடம் சொன்ன பிறகு கரண்ட் போனால் தேங்கியது போனதுதான். அப்புறம் ஒரு டார்கெட், அதன் கீழ் ஒரு லன் (கொடுக்கப்படும் டிஸ்க்), அதன் கீழ் மூன்று சர்வருக்கும் தனித்தனி ஏசிஎல் (அனுமதிப் பதிவு).

அந்த ஏசிஎல்லில் போடும் பெயர் ஒவ்வொரு சர்வரிலும் '/இடிசி/ஐஸ்கஸி/இனிஷியேட்டர்நேம்.ஐஸ்கஸி' கோப்பில் இருக்கும். மூன்றிலும் வேறு வேறாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு மெய்நிகர் எந்திரத்தை குளோன் செய்து மூன்றாக்கியிருந்தால் மூன்றுக்கும் ஒரே பெயர் இருக்கும். டார்கெட் மூன்றையும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளும். ஒன்று உள்ளே வர மற்றது வெளியே போக, இணைப்பு காரணம் தெரியாமல் அறுந்து அறுந்து வரும்.

சர்வர்களில் 'ஐஸ்கஸிஅட்ம்' கட்டளையால் முதலில் டிஸ்கவரி, பிறகு லாகின். டெபியனில் 'நோட்.ஸ்டார்ட்அப்' மதிப்பு மேனுவல் என்றுதான் வரும், அதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றாவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகு டிஸ்கைக் காணாமல் தேடுவீர்கள். 'எல்எஸ்பிஎல்கே' போட்டால் புது டிஸ்க் தெரியும். நொய்யலில் எஸ்டிபி என்று வந்தது பவானியில் எஸ்டிசி என்று வரலாம். ஆகவே எங்கேயும் அந்தப் பெயரை நம்பி எழுதாதீர்கள், ஃபார்மட் செய்யும்போது கொடுக்கும் லேபிளை நம்புங்கள். இரண்டு கன்ட்ரோலர் உள்ள ஸ்டோரேஜாக இருந்தால் மல்டிபாத்தையும் (ஒரே டிஸ்குக்கு வரும் பல வழிகளை ஒன்றாக்குவது) போட்டு, மேப்பர் பெயரில் வரும் டிவைஸை மட்டும் தொடுங்கள். சர்வர் பக்கத்தில் இந்த டிஸ்கின் மேல் சாதாரண எல்விஎம் வேண்டாம். அதற்கும் கிளஸ்டர் லாக் (ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் தொடாமல் வைக்கும் பூட்டு) தனியாக வேண்டும், தேவையில்லாத வம்பு.

யார் யார் உறுப்பினர்

மூன்று சர்வரிலும் 'ஓசிஎஃப்எஸ்2-டூல்ஸ்' தொகுப்பைப் போடுங்கள். உறுப்பினர் பட்டியல் '/இடிசி/ஓசிஎஃப்எஸ்2/கிளஸ்டர்.கான்ஃப்' கோப்பில் இருக்கிறது. கையாலும் எழுதலாம், ஆனால் அதன் வடிவம் சிடுசிடுப்பானது: தலைப்பு வரி ஓரத்தில் ஒட்டியிருக்க வேண்டும், கீழே ஒவ்வொரு வரியும் ஒரு டேப் தள்ளித் தொடங்க வேண்டும். எடிட்டர் டேபை ஸ்பேஸாக மாற்றிவிட்டால் உதவாத பிழைச் செய்தி ஒன்று வரும். கட்டளையாலேயே செய்துவிடுவது நிம்மதி. நொய்யலில் மட்டும்:

ஓ2சிபி ஆட்-கிளஸ்டர் கொங்கு
ஓ2சிபி ஆட்-நோட் கொங்கு நொய்யல் --ஐபி 10.10.20.11 --போர்ட் 7777 --நம்பர் 0

இதேபோல பவானிக்கு நம்பர் 1, அமராவதிக்கு நம்பர் 2. கிளஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. நோடின் பெயர் அந்த சர்வரில் 'ஹோஸ்ட்நேம்' கட்டளை சொல்லும் பெயரோடு எழுத்து மாறாமல் பொருந்த வேண்டும். கிளஸ்டர் பெயர் 16 எழுத்துக்குள், எழுத்தும் எண்ணும் மட்டும். முடித்ததும் கோப்பை அப்படியே மற்ற இரண்டுக்கும் நகலெடுங்கள். நாளைக்கு நாலாவது நோடு சேர்த்தாலும் எல்லா சர்வரிலும் இந்தக் கோப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அடுத்து ஓ2சிபி பூட்டில் எழ வேண்டும். டெபியன், உபுண்டுவில் '/இடிசி/டிஃபால்ட்/ஓ2சிபி' கோப்பைத் திறந்து எனேபிள்டு என்ற இடத்தில் ட்ரூ என்றும், பூட்கிளஸ்டர் என்ற இடத்தில் கொங்கு என்றும் போடுங்கள். கோப்பில் இருக்கும் டைமவுட் எண்களை மாற்றினால் மூன்றிலும் ஒரே மாதிரி மாற்றுங்கள். நோடுகள் இணையும்போதே இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும். வேறுபட்டால் பேச மறுத்துவிடும், காரணம் கெர்னலின் நிகழ்வுப் பதிவில் மட்டும் இருக்கும். பிறகு 'ஓ2சிபி', 'ஓசிஎஃப்எஸ்2' இரண்டு சர்வீஸையும் எனேபிள் செய்து ஓ2சிபியைத் தொடங்குங்கள்.

ஃபார்மட், மவுண்ட்

ஃபார்மட் ஒரே ஒரு சர்வரில், ஒரே ஒரு முறை. நொய்யலில்:

எம்கேஎஃப்எஸ்.ஓசிஎஃப்எஸ்2 -என் 4 -எல் அசைன் /டெவ்/எஸ்டிபி

இரண்டு ஆப்ஷனும் பெரிய எழுத்து. என் என்பது ஸ்லாட் எண்ணிக்கை. ஒரே நேரத்தில் எத்தனை நோடு மவுண்ட் செய்யலாம் என்பது இதுதான், ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி ஜர்னல் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் இடம்) ஒதுக்கப்படும். மூன்று சர்வருக்கு 4 போட்டிருக்கிறேன், ஒன்று கூடுதல். பின்னால் பற்றாவிட்டால் 'ட்யூன்எஃப்எஸ்.ஓசிஎஃப்எஸ்2' கட்டளையால் கூட்டிக்கொள்ளலாம், ஆகவே இப்போதே 32 என்று போட்டு இடத்தை ஜர்னலுக்குக் கொடுக்காதீர்கள். மெய்நிகர் எந்திரங்களின் பெரிய இமேஜ் கோப்பு வைக்கப்போகிறவர்கள் ஒதுக்கீட்டு அளவைப் பெரிய சி ஆப்ஷனால் கூட்டலாம். 4 கேபியிலிருந்து 1 எம்பி வரை இடம் உண்டு. பிடிஎஃப் போன்ற சின்னக் கோப்புகளுக்கு 4 கேபியே சரி.

இனி மூன்று சர்வரின் மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டாபிலும் ஒரே வரி: லேபிள் அசைன், மவுண்ட் இடம் '/எஸ்ஆர்வி/அசைன்', வகை ஓசிஎஃப்எஸ்2, ஆப்ஷன் '_நெட்டெவ்,நோஏடைம்', கடைசியில் இரண்டு பூஜ்யம். முதல் ஆப்ஷன் நெட்வொர்க் எழுந்த பிறகே மவுண்ட் செய்யச் சொல்கிறது. இரண்டாவது, கோப்பைப் படித்த நேரத்தைக் குறிப்பதை நிறுத்துகிறது. அதை விட்டுவிட்டால் சும்மா படிப்பதற்குக்கூட அவ்வப்போது டிஸ்கில் எழுத வேண்டிவரும், அதற்கு லாக் வாங்க வேண்டிவரும்.

நொய்யலில் மவுண்ட் செய்யுங்கள். வழக்கத்தைவிடச் சில நொடி கூடுதலாக எடுக்கும், கை நடுங்க வேண்டாம். ஹார்ட்பீட் (உயிரோடு இருப்பதை டிஸ்கில் தெரிவிக்கும் துடிப்பு) தொடங்குவதற்குக் காத்திருக்கிறது. பிறகு பவானி, பிறகு அமராவதி. 'மவுண்டட்.ஓசிஎஃப்எஸ்2 -எஃப்' போட்டால் எந்தெந்த நோடு மவுண்ட் செய்திருக்கிறது என்று பட்டியல் வரும், மூன்று பெயரும் இருக்க வேண்டும். நொய்யலில் ஒரு கோப்பை உருவாக்கி, அமராவதியில் பார்த்து, பவானியில் அழியுங்கள்.

யார் சாக வேண்டும்

மேலே உள்ளதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். இந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

நொய்யல் ஒரு கோப்பைத் திருத்தும் முன் அதற்கான பிரத்தியேக லாக்கை 7777 வழியாகக் கேட்டு வாங்கும். பவானி அதே கோப்பைப் படிக்க விரும்பினால், நொய்யல் தன் நினைவகத்தில் உள்ள மாற்றத்தை டிஸ்கில் எழுதிவிட்டு லாக்கைத் தளர்த்தும். பவானி பழைய தகவலைப் பார்க்காமல் இருப்பது இதனால்தான். ஆனால் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நொய்யல் உறைந்துபோனால்? செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று பவானிக்குத் தெரியாது. செத்ததாக நினைத்து லாக்கை எடுத்துக்கொண்ட பிறகு நொய்யல் விழித்து, பாதியில் விட்டதை எழுதினால் டிஸ்க் கெட்டது. ஆகவே சந்தேகத்துக்குரிய நோடு உறுதியாகச் சாக வேண்டும். இதன் பெயர் ஃபென்சிங். ஓசிஎஃப்எஸ்2-இல் அந்த நோடு தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்.

எப்படி முடிவெடுக்கிறது? ஒவ்வொரு நோடும் டிஸ்கில் தனக்கான இடத்தில் 2 நொடிக்கு ஒரு முறை கையெழுத்துப் போடும். மற்றவை அதைப் படித்துக்கொண்டே இருக்கும். ஹார்ட்பீட் த்ரெஷோல்டு இயல்பாக 31. அதிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் 60 நொடி. 60 நொடி டிஸ்கில் எழுத முடியாத நோடு தானே ரீசெட் ஆகும். நெட்வொர்க் பக்கம் 30 நொடி பேச்சு நின்றால் இணைப்பு அறுந்ததாகக் கணக்கு. அப்போது பாதிக்கும் மேற்பட்ட நோடுகளோடு பேச முடிகிற பக்கம் பிழைக்கும். சரிபாதியாகப் பிரிந்தால் மிகச் சிறிய எண் உள்ள நோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இரண்டே சர்வர் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இடையில் இருக்கும் வயர் அறுந்தால் 0 பிழைக்கும், 1 சாகும். நல்ல எந்திரத்துக்கு 0 கொடுங்கள்.

இதிலிருந்து வரும் நடைமுறை விஷயங்கள் பல. ஆழியாறை ரீபூட் செய்ய அது 60 நொடிக்கு மேல் எடுத்தால் மூன்று சர்வரும் சேர்ந்து ரீசெட் ஆகும். முதலில் மூன்றிலும் அன்மவுண்ட், பிறகு ஓ2சிபியை நிறுத்துதல், பிறகு ஐஸ்கஸி லாகவுட், அதற்குப் பிறகே ஸ்டோரேஜ். ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் மாறுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் இடங்களில் த்ரெஷோல்டை 61 ஆக்கினால் 120 நொடி கிடைக்கும். விலை, உண்மையிலேயே ஒரு நோடு செத்தால் மற்றவை அத்தனை நேரம் காத்திருப்பது. மெய்நிகர் எந்திரங்களில் ஓட்டுகிறவர்கள், பேக்கப் மென்பொருள் எந்திரத்தை நிமிடக்கணக்கில் நிறுத்திவைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் காரணமில்லாமல் ரீபூட் ஆகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது பேக்கப் அட்டவணையைத்தான்.

கெர்னல் ஊப்ஸ் (உள்ளே பெரிய பிழை) ஆகி அரை உயிராகத் தொங்கும் நோடு மற்றவற்றையும் தொங்கவிடும். அதனால் மூன்றிலும் சிஸ்கண்ட்ரோலில் 'கெர்னல்.பேனிக்_ஆன்_ஊப்ஸ்' மதிப்பு 1, 'கெர்னல்.பேனிக்' மதிப்பு 30 என்று வையுங்கள். சிக்கினால் பேனிக் ஆகி (கெர்னல் முழுதாக நின்று) 30 நொடியில் ரீபூட் ஆகிவிடும்.

தளம் நேரலைக்குப் போகும் முன் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். மூன்றிலும் சிறு கோப்புகளை எழுதிக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, அமராவதியின் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள். மற்ற இரண்டும் சற்று நேரம் உறையும். அமராவதி ரீசெட் ஆகும். இரண்டில் ஒன்று அமராவதியின் ஜர்னலைப் படித்து மீதியைச் சரிசெய்யும், எழுத்து தொடரும். கெர்னலின் நிகழ்வுப் பதிவில் இந்த வரிசை முழுவதும் தெரியும். அந்த உறைந்த நேரத்தை லோடு பேலன்சரும் உங்கள் தளமும் தாங்குகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரலைக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓடத் தொடங்கிய பிறகு

மூன்று நோடும் ஒரே டைரக்டரியில் ஓயாமல் கோப்பு உருவாக்கினால் அந்த டைரக்டரியின் லாக் பந்தாடப்படும், வேகம் படுத்துவிடும். துறை வாரியாகவோ நோடு வாரியாகவோ துணை டைரக்டரி வைத்துப் பிரியுங்கள். லட்சம் கோப்பு உள்ள இடத்தில், எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கணக்கிடும் 'டியூ' ஓட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் லாக் வாங்கும். அவசியமானால் ஒரே நோடிலிருந்து, இரவில் ஓட்டுங்கள்.

லாக் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஓ2சிபியோடு ஓடும்போது, கோப்பைப் பூட்ட ஒரு நிரல் விடும் 'எஃப்லாக்' அழைப்பு கிளஸ்டர் முழுவதும் செல்லும், ஆனால் 'எஃப்சிஎன்டிஎல்' வகை போசிக்ஸ் லாக் அந்த நோடுக்குள் மட்டும்தான். பிஎச்பி செஷன் கோப்புகள் எஃப்லாக் பயன்படுத்துவதால் தப்பிக்கும். ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட் எஃப்சிஎன்டிஎல்லை நம்புகிறது. அந்தத் தரவுக் கோப்பை இங்கே வைத்து இரண்டு நோடிலிருந்து எழுதினால் கெடும், எச்சரிக்கை எதுவும் வராது. தரவுத்தளத்துக்குத் தரவுத்தள சர்வரையே வையுங்கள்.

எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டுமானால் மூன்றிலும் அன்மவுண்ட் செய்துவிட்டு ஒன்றிலிருந்து மட்டும். இடம் பற்றவில்லை என்றால் ஆழியாறில் வால்யூமைப் பெரிதாக்கி, மூன்று சர்வரிலும் ஐஸ்கஸி ரீஸ்கேன் செய்து, மூன்றிலும் 'எல்எஸ்பிஎல்கே' புது அளவைக் காட்டுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஒன்றில் மட்டும் ட்யூன்எஃப்எஸ்ஸைப் பெரிய எஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள்.

பேக்கப் தனியாக வேண்டும். மூன்று சர்வர் இருப்பதால் மூன்று பிரதி இருப்பதாக நினைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருப்பது ஒரே பிரதி, ஒருவர் தவறுதலாக அழித்தால் மூன்றிலும் ஒரே நொடியில் போகும். ஸ்டோரேஜில் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த நகல்) எடுத்து அதிலிருந்து நகலெடுக்கலாம், ஆனால் ஸ்னாப்ஷாட்டை அப்படியே இதே கிளஸ்டரில் மவுண்ட் செய்ய முயலாதீர்கள். அதற்கும் மூலத்துக்கும் ஒரே யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்), ஹார்ட்பீட் அடையாளம் காண்பதும் அந்த யூயூஐடியை வைத்துத்தான். முதலில் ஸ்னாப்ஷாட்டின் மேல் ட்யூன்எஃப்எஸ்ஸை '--குளோன்டு-வால்யூம்' ஆப்ஷனோடு, புது லேபிள் ஒன்றும் கொடுத்து ஓட்டுங்கள். யூயூஐடியும் லேபிளும் மாறிவிடும், பிறகு மவுண்ட் செய்து நகலெடுத்துக்கொள்ளலாம். கட்டளையில் டிவைஸ் பெயரை அடிக்கும்போது மட்டும் அது ஸ்னாப்ஷாட்தானா என்று இரண்டு முறை பாருங்கள்.